இந்தியப் பெருங்கடலில் சீனா: தவிர்க்க வேண்டிய வாசிப்புத் தவறுகள்

2014 செப்டம்பரில் சீனக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று இலங்கைக்கு வந்தது. எந்தத் துறைமுகத்துக்கு என்று கேட்டால், அம்பாந்தோட்டை என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் அது வந்து நின்றது கொழும்பில், சீன நிறுவனம் ஒன்று நடத்தும் சரக்குப் பெட்டக முனையத்தில். அம்பாந்தோட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனதோ 2017இல்தான். பெயர் மாறிப்போவது சின்ன விஷயம். சீனப் பணம் விழுந்த துறைமுகத்தையெல்லாம் கடற்படைத் தளமாக எண்ணிக்கொள்ளும் பழக்கம் சின்ன விஷயம் அல்ல.

தளம் என்றால் ஆயுதக் கிடங்கு வேண்டும், பழுதுபார்க்கும் வசதி வேண்டும், சொந்தக் காவல் படை வேண்டும், இடம் கொடுத்த அரசின் ஒப்புதலும் வேண்டும். இந்தக் கடற்பரப்பில் சீனாவுக்கு அப்படி வெளிப்படையாக இருப்பது ஆப்பிரிக்கக் கரையில் 2017 ஆகஸ்டில் திறக்கப்பட்ட ஜிபூட்டி மட்டுமே. அந்தக் குட்டி நாட்டிலேயே அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான் படைகளும் இருக்கின்றன. அம்பாந்தோட்டைக்குக் கிடைத்த 112 கோடி டாலரால் துறைமுகக் கடன் ரத்தாகவில்லை. அந்தப் பணம் இலங்கையின் அன்னியச் செலாவணிக் கையிருப்பைத் தாங்கப் போனது. ‘கடனைக் கட்டாததால் பிடுங்கிக்கொண்டார்கள்’ என்ற கதை கேட்பதற்குச் சுவையானது, கணக்குக்கு ஒத்துவராதது.

அதற்காக, வணிகத் துறைமுகம்தானே என்று தள்ளிவிடவும் முடியாது. கொழும்பில் அன்று நடந்தது அதைத்தான் காட்டுகிறது. எரிபொருள், குடிநீர், காய்கறி, மாலுமிகளுக்கு இரண்டு நாள் ஓய்வு: அமைதிக் காலத்தில் தொலைதூரக் கடற்படைக்கு வேண்டியதில் பெரும்பகுதி இவ்வளவுதான். இதற்குத் தளம் எதற்கு? போர் மூண்டால் நிலைமை தலைகீழ். இந்தியாவின் போர் விமானங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்துகொண்டு சீனப் போர்க்கப்பலுக்கு இடம் கொடுக்க எந்த அரசும் பலமுறை யோசிக்கும்.

அந்தமானுக்கு வடக்கே மியான்மரின் கோகோ தீவுகளில் சீன ஒட்டுக்கேட்பு நிலையம் இருப்பதாக 1990களில் எழுதித் தள்ளினார்கள். அப்படி எதுவும் அங்கே இல்லை என்று 2005இல் சொன்னவர் இந்தியக் கடற்படைத் தளபதி அருண் பிரகாஷ். அதன் பிறகு அங்கே ஓடுபாதை நீண்டிருப்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டியிருக்கின்றன. ஓடுபாதை நீண்டால் ஓடுபாதை நீண்டிருக்கிறது, அவ்வளவே. யாருக்காக என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்.

அடுத்த குழப்பம், ‘சீனக் கப்பல்’ என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைப்பது. சோமாலியக் கடற்கொள்ளையருக்கு எதிராக ஐ.நா. பாதுகாப்பு சபை தீர்மானங்கள் நிறைவேற்றியதை அடுத்து, 2008 டிசம்பரில் ஹைனான் தீவிலிருந்து இரண்டு போர்க்கப்பல்களும் ஒரு விநியோகக் கப்பலும் ஏடன் வளைகுடாவுக்குப் புறப்பட்டன. ஓர் அணி திரும்பினால் அடுத்த அணி வரும் அந்த வழக்கம் பிறகு நிற்கவில்லை. கொள்ளையர் தொல்லை ஏறக்குறைய ஓய்ந்த ஆண்டுகளிலும் கப்பல்கள் வந்தன. வீட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி மாதக்கணக்கில் கப்பலோட்டுவதைச் சீனக் கடற்படை கற்றுக்கொண்ட பள்ளி இதுதான். கொள்ளையர் எதிர்ப்புப் பணி என்ற பெயரில் நீர்மூழ்கியும் வந்தபோது, கொள்ளையரைத் துரத்த நீர்மூழ்கி எதற்கு என்று டெல்லி கேட்டதில் நியாயம் இருந்தது.

2022 ஆகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு வந்த யுவான் வாங் 5 வேறு வகை. செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் பின்தொடரும் கப்பல் அது. அது உளவுக் கப்பலா, ஆய்வுக் கப்பலா என்று தொலைக்காட்சிகள் விவாதித்துக் களைத்தன. மூன்றாவது வகையான கடலடி ஆய்வுக் கப்பல்களுக்கு அந்தப் பரபரப்பில் பாதிகூடக் கிடைப்பதில்லை. என் கணிப்பில் அதிகம் கவனிக்க வேண்டியவை அவைதான். நீரின் வெப்பமும் உப்பும் அழுத்தமும் மாறும் இடத்தில் ஒலி வளைந்து செல்லும். எந்த ஆழத்தில் எப்படி வளையும் என்று அறிந்தவர் நீர்மூழ்கியை ஒளித்துவைக்கலாம். எதிரியின் நீர்மூழ்கியைத் தேடவும் செய்யலாம். மீன்வள ஆய்வுக்கும் கனிமத் தேடலுக்கும் எடுக்கும் அதே அளவீடுகள் இதற்கும் உதவும். கடலடிக் கனிமங்களைத் தேட, சர்வதேசக் கடலடி ஆணையத்துடன் 2011இல் செய்துகொண்ட ஒப்பந்தம் சீனாவிடம் இருக்கிறது; ஆகவே எல்லாவற்றையும் சாக்கு என்றும் சொல்லிவிட முடியாது. 2024இல் அன்னிய ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை ஓராண்டுத் தடை விதித்தது. பிப்ரவரியில் சீன ஆய்வுக் கப்பலான சியாங் யாங் ஹாங் 03 மாலத்தீவின் தலைநகர் மாலேயில் போய் நின்றது.

‘இந்திய எல்லைக்குள் புகுந்தது’ என்ற தலைப்பைப் பார்த்தால் முதலில் தூரத்தைக் கேளுங்கள். கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் நாட்டின் முழு இறையாண்மை. 200 கடல் மைல் வரையிலான பொருளாதார மண்டலத்தில் மீனும் கனிமமும் நமக்குரியவை. கப்பல் போக்குவரத்து எல்லோருக்கும் பொது. ஆனால் அந்த மண்டலத்தில் அறிவியல் ஆய்வுக்குக் கரையோர நாட்டின் சம்மதம் தேவை. 2019இல் அந்தமான் அருகே சீனாவின் ஷி யான் 1 கப்பலை இந்தியக் கடற்படை வெளியேறச் சொன்னது இந்த அடிப்படையில்தான். சுவாரசியம் என்னவென்றால், தன் பொருளாதார மண்டலத்தில் அன்னியர் ராணுவப் பயிற்சி நடத்த அனுமதி வேண்டும் என்பதில் இந்தியாவும் சீனாவும் ஒரே கட்சி. 2021 ஏப்ரலில் லட்சத்தீவுக்கு மேற்கே அந்த நிலைப்பாட்டைச் சவாலுக்கு அழைத்துப் போர்க்கப்பலை ஓட்டி, அதை அறிக்கையாகவும் வெளியிட்டது அமெரிக்கா.

தென்சீனக் கடலின் கண்ணாடியை இங்கே மாட்டிக்கொள்வதும் ஏமாற்றும். அங்கே சீனா தீவுகளையும் நீரையும் தனதென்கிறது. கடலோரக் காவல் கப்பல்களையும் மீன்பிடிப் படகுகளையும் வைத்து அண்டை நாடுகளை நெருக்குகிறது. இங்கே அதற்கு ஒரு பாறைமீதுகூட உரிமைக் கோரிக்கை இல்லை. இங்கே அதன் கவலை எண்ணெய். மத்திய கிழக்கிலிருந்து போகும் கப்பல்கள் மலாக்கா நீரிணையின் குறுகலைத் தாண்டியாக வேண்டும். மியான்மர் வழிக் குழாய் அதைத் தீர்த்துவிட்டதாக எழுதுபவர்கள் ஆண்டுக்கு 2.2 கோடி டன் என்ற அதன் கொள்ளளவை, 50 கோடி டன்னைத் தாண்டும் சீன இறக்குமதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதுபோல, சீனாவிடம் 370 போர்க்கப்பல்கள் என்ற எண்ணும் இங்கே அதிகம் உதவாது. இந்தியப் பெருங்கடலில் எந்நேரமும் ஏழெட்டுச் சீனக் கப்பல்கள் இருப்பதாக 2019 டிசம்பரில் சொன்னார் அன்றைய கடற்படைத் தளபதி கரம்பீர் சிங்.

எண்ணெய்ப் பாதைதான் உயிர்நாடி, ஆகவே அதைக் காக்கச் சீனா எல்லோரோடும் கைகோக்கும் என்ற எதிர்பார்ப்பும் பலித்ததில்லை. 2015இல் ஏமனில் சண்டை மூண்டபோது சீனப் போர்க்கப்பல் தன் நாட்டவரோடு பத்து நாடுகளைச் சேர்ந்த 225 பேரையும் மீட்டது. 2023 இறுதியில் செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோதோ, பக்கத்திலேயே காவல் அணி இருந்தும் அமெரிக்கக் கூட்டணியில் பெய்ஜிங் சேரவில்லை. சில வணிகக் கப்பல்கள், தங்கள் மாலுமிகள் அனைவரும் சீனர்கள் என்று அடையாளக் கருவியில் அறிவித்துக்கொண்டே அந்த வழியைக் கடந்தன. 2024 மார்ச்சில் சீன உரிமையாளரின் ஹுவாங் பு எண்ணெய்க் கப்பலையே ஏவுகணை தாக்கியது. அதற்குப் பிறகும் பெய்ஜிங் அந்தக் கூட்டணிப் பக்கம் போகவில்லை.