ஐவிஎஃப்க்குப் பணம் கட்டுவதற்கு முன்: கொழும்பில் இருப்பவர்களுக்கு

கல்யாணமாகி ஒரு வருடம் முயன்றும் கரு தங்கவில்லையா? (பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும்.) உடனே ஸ்பெஷலிஸ்டைச் சனல் பண்ண ஓடாதீர்கள். முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள், அவர் வழிகாட்டுவார். பொரளை டி சொய்சா, காசல் ஸ்ட்ரீட் போன்ற அரச ஆஸ்பத்திரிகளின் கிளினிக்கில் ஆரம்பப் பரிசோதனைகளுக்குக் காசில்லை. கியூ நீளம்தான், ஆனாலும் வெளியே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டும் பணம் மிஞ்சும். இரண்டு பேரும் போங்கள். மாமியார் மருமகளை மட்டும் கூட்டிக்கொண்டு அலைவது இன்னும் நடக்கிறது, விந்துப் பரிசோதனை ஆரம்பத்திலேயே செய்ய வேண்டிய ஒன்று. ரிப்போர்ட்டுகளை ஒரே ஃபைலில் வையுங்கள்.

ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) என்று வந்தால் பெரும்பாலும் தனியார் இடம்தான், செலவு லட்சக்கணக்கில். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்து வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், அதனால் இந்த வருடப் பதிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமே வேண்டாம். டொக்டரின் பதிவை இலங்கை மருத்துவ சபையில் பார்க்கலாம்.

அப்புறம் சம்மதப் படிவம். இதற்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லாததால் பிரச்சினை வந்தால் உங்கள் கையில் இருக்கப்போவது அந்தக் காகிதம்தான். உறைய வைத்த கருக்கள் எத்தனை வருடம் இருக்கும், வருடக் கட்டணம் எவ்வளவு, ஒருவர் இறந்தாலோ இருவரும் பிரிந்தாலோ அவை யாருக்கு, ஒரே தடவையில் எத்தனை கரு வைப்பார்கள், சிகிச்சைச் சுழற்சி பாதியில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பும், இதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நீட்டினால் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கிறோம் என்று சொல்லுங்கள். ஊசி போடும் அன்று காலை அவசரத்தில் வைக்கவே வேண்டாம்.

சென்னைக்குப் போகிறவர்கள் அங்குள்ள 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி கிளினிக் பதிவானதா என்று பாருங்கள். ஆணா பெண்ணா என்று தேர்ந்து தருவதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அது அங்கே குற்றம்.

இலங்கை அரசு இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு ஒதுக்குகிறது, கிளினிக்கில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது, நாம் கேட்காவிட்டால் இது பணக்காரர் வைத்தியமாகவே நின்றுவிடும். 2016 தகவலறியும் உரிமைச் சட்டப்படி சுகாதார அமைச்சின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். கடிதம் கிடைத்ததற்கான துண்டை வாங்காமல் வராதீர்கள், மேன்முறையீட்டுக்கு அது வேண்டும்.