ஹாக்கி ஸ்டிக்கின் வளைவு: யாருக்கு எது சரி

ஸ்டிக்கின் தட்டையான முகம் கீழே இருக்கும்படி சமமான மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். கைப்பிடி நுனியும், ஹெட் எனும் கொக்கி முனையும் மேசையைத் தொடும். நடுவில் ஓர் இடைவெளி தெரியும். அதுதான் வளைவு. கடையில் இதற்கு ‘போ’ என்று பெயர் (போ என்றதும் கிளம்பிவிட வேண்டாம்). ஹெட்டின் கொக்கி வடிவத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பார்க்க வேண்டிய அளவுகள் இரண்டு. ஒன்று, இடைவெளி எவ்வளவு ஆழம். சர்வதேச விதிப்படி 25 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. இன்னொன்று, அதிக ஆழம் எந்த இடத்தில் வருகிறது. அந்த இடம் ஹெட்டின் அடியிலிருந்து குறைந்தது 200 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். வாங்குபவர்கள் ஆழத்தைத்தான் கேட்கிறார்கள். ஆனால் பெரியவர்களுக்கான ஸ்டிக்குகளில் ஆழம் பெரும்பாலும் 20 முதல் 25 மி.மீ.க்குள்தான். ஆட்டத்தில் வித்தியாசத்தை உணர வைப்பது இடம்தான்.

உச்சவளைவு 200 மி.மீ.யை ஒட்டி வந்தால் லோ போ, அதாவது கீழ் வளைவு. 250 மி.மீ.யிலிருந்து 300 மி.மீ.க்குள் வந்தால் மிட் போ அல்லது சாதாரண வளைவு. ‘ப்ரோ’, ‘லேட்’ என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பத்துக்குப் பெயர் வைக்கிறது. ஒரு நிறுவனத்தின் மிட், இன்னொன்றின் லோவுக்குப் பக்கத்தில் இருக்கும். பெயரை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். ஸ்டிக்கில் அச்சிடவில்லை என்றால் கவிழ்த்து வைத்து, இடைவெளி எங்கே அதிகமோ அங்கே பென்சிலால் குறித்து, ஹெட்டின் அடியிலிருந்து ஸ்கேலால் அளந்துகொள்ளலாம்.

லோ போவின் பலம் டிராக் ஃப்ளிக், அதாவது பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வந்து கோலை நோக்கிச் சுண்டி எறிவது. பந்து ஹெட்டுக்குச் சற்று மேலே, தண்டின் குழிவில் வந்து உட்காரும். இழுத்துக்கொண்டே வரும்போது ஹெட்டை நோக்கி உருண்டு இறங்கி, மணிக்கட்டு திரும்பும் கணத்தில் கவண்கல் போல வெளியேறும். குழிவு கீழே இருப்பதால் பந்து விலகாமல் அதிக நேரம் ஒட்டி வருகிறது. ஏரியல் எனும் உயரப் பாஸுக்கும், எதிராளியின் ஸ்டிக்குக்கு மேலே பந்தைத் தூக்கிக் கடத்துவதற்கும் இதே குணம் உதவும்.

தூக்கிக் கொடுக்கும் அதே குணம் ஹிட் அடிக்கும்போது எதிரியாகிவிடும். வளைவு கீழே வந்துவிட்டால், வழக்கமான பிடியில் ஹெட்டின் முகம் லேசாக வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். ஓங்கி அடித்தால் பந்து தரையோடு போகாமல் எழும்பும். பெனால்டி கார்னரில் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) முதல் ஷாட் ஹிட்டாக இருந்து, கோல் கோட்டைக் கடக்கும்போது பந்து 460 மி.மீ.க்கு மேல் இருந்தால் அது கோல் இல்லை. கோலின் உள்ளே அடியில் இருக்கும் பலகையின் உயரமும் அதுவே. பின்களத்திலிருந்து அடிக்கும் நீளமான பாஸ் எழும்பி ஆபத்தாகப் போனால் ஃப்ரீ ஹிட் எதிரணிக்கு.

சரிசெய்ய முடியும், பழக நாள் பிடிக்கும். பந்தை வழக்கமான இடத்திலிருந்து அரைப் பந்து அகலம், அதாவது 3 முதல் 4 செ.மீ., பின்னங்காலை நோக்கி வைத்து அடித்துப் பாருங்கள். ஸ்டிக் பந்தில் படும் கணத்தில் கைகள் பந்தைவிடச் சற்று முன்னால் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஹெட்டின் முகம் வானத்தைப் பார்க்காமல் செங்குத்தாக நிற்கும். இதைப் பழகாமல் பலத்தை மட்டும் கூட்டினால் பந்து இன்னும் உயரமாகத்தான் பறக்கும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 கோல் அடித்த இந்திய டிராக் ஃப்ளிக் ஆட்டக்காரர் ஹர்மன்பிரீத் சிங்கைப் பார்த்துவிட்டு லோ போ கேட்கிற பையன்கள் நிறைய. ஓர் அணியில் பெனால்டி கார்னரில் டிராக் ஃப்ளிக் எடுப்பவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் ஆட்டம் முழுக்கச் செய்வது புஷ் (பந்தைத் தள்ளுவது), ஸ்லாப் (ஸ்டிக்கைத் தரையோடு வீசித் தட்டுவது), ஹிட், பந்தை நிறுத்துவது. தற்காப்பு ஆட்டக்காரருக்கும் நடுக்கள ஆட்டக்காரருக்கும் 20 முதல் 24 மி.மீ. ஆழமுள்ள மிட் போ போதும். பந்து தரையோடு நேராகப் போகும். ஃபார்வர்டு என்றால், தூக்கிக் கடத்தும் பழக்கம் உள்ளவருக்கு மட்டும் லோ போ. புதிதாகக் கற்கும் சிறுவர்களுக்கு 20 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த மிட் போவே சரி. அடிப்படை ஹிட் அமையும் முன்பே லோ போ கொடுத்தால் தவறான பிடி ஒட்டிக்கொள்ளும். கோல்கீப்பர் ஸ்டிக்கின் வடிவமே வேறு, அது இந்தக் கணக்கில் வராது.

மைதானத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன டிராக் ஃப்ளிக் நனைந்த செயற்கைப் புல்தரைக்கானது. ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியில் இன்று செயற்கைப் புல்தரை இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான பள்ளிகளில் இன்னும் மண் தரைதான். அங்கே இழுக்கும் பந்து சின்னக் கல்லில் துள்ளிக் குழிவைவிட்டு விலகிவிடும். லோ போவுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு அந்தத் தரையில் வீண்.

வாங்கும் முன் நண்பரிடம் இரவல் வாங்கிச் சோதியுங்கள். 15 மீட்டர் தள்ளி ஒரு செங்கல்லைப் படுக்க வைத்து, 10 புஷ், 10 ஸ்லாப், 10 ஹிட். ஹிட்டில் மூன்றுக்கு மேல் செங்கல்லைத் தாண்டிப் பறந்தால் அந்த வளைவு உங்கள் கைக்கு இப்போதைக்கு அதிகம்.

வாங்கியபின் வளைவை மாற்ற முயலாதீர்கள். கார்பன், ஃபைபர் ஸ்டிக்கை அடுப்பில் காட்டி வளைத்தால் உள்ளேயுள்ள பசை இளகி அடுக்குகள் பிரியும். அடுத்த பலமான ஹிட்டில் அங்கேயே முறியக்கூடும். பழைய ஸ்டிக் வாங்குகிறவர்கள் வளைவைச் சோதிக்க 10 ரூபாய் நாணயம் ஒன்று போதும். அதன் விட்டம் 27 மி.மீ. கவிழ்த்து வைத்த ஸ்டிக்குக்கு அடியில் நாணயத்தை நிமிர்த்தி உருட்டுங்கள். தட்டாமல் மறுபக்கம் வந்துவிட்டால் அந்த ஸ்டிக்கை விதிப்படி போட்டியில் பயன்படுத்த முடியாது.