அக்காவுக்குப் பொருந்திய பள்ளி தம்பிக்கும் பொருந்துமா?

நல்ல பள்ளி எது என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர், சொந்தக்காரர், அலுவலக நண்பர் என ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். "எந்தப் பிள்ளைக்கு?" என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. பதினொரு வயதில் சேரும் பிள்ளை ஆறு ஆண்டுகள் அங்கேதான் இருக்கப்போகிறது. நாளுக்கு ஏழு மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்று வைத்தால் 8,400 மணி நேரம். காலையில் பள்ளியை நினைத்தாலே வயிற்றில் புளி கரையாமல் அத்தனை நேரமும் கழிய வேண்டும். தேர்ச்சி விகிதம், கட்டடம், பெயர் எல்லாம் அதற்கப்புறம்.

முதலில் பிள்ளையை எழுதுங்கள்

பள்ளிகளைப் பட்டியல் போடும் முன் ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் நாளுக்கு மூன்று வரி எழுதுங்கள். வீட்டுக்கு வந்த முதல் அரை மணி நேரம் பிள்ளை என்ன செய்தது? எதற்குக் கோபமோ அழுகையோ வந்தது? எதில் தன்னை மறந்து உட்கார்ந்தது? ஏழு நாள் எழுதினால் போதும், ஓர் உருவம் தெரியும். பையை வீசிவிட்டு விளையாட ஓடும் பிள்ளை ஒரு ரகம். கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் யாரிடமும் பேசாத பிள்ளை இன்னொரு ரகம். இரண்டாவது பிள்ளையைக் கூட்டம் களைப்பாக்குகிறது. அதற்கு மதிய இடைவேளையில் ஒதுங்க ஓர் அமைதியான மூலை வேண்டும். அந்த மூலை இல்லாத பள்ளி, மற்ற எல்லாவற்றிலும் சிறந்ததாக இருந்தாலும் அதற்கு ஒத்துவராது.

அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர்கள் 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்ட ஆய்வு, குழந்தையின் சுபாவத்தை ஒன்பது கூறுகளாகப் பிரித்தது. பள்ளி தேடுகிறவர்களுக்கு அதில் நான்கு உதவும்: உடம்பு எவ்வளவு துறுதுறு, புது இடத்துக்குப் பழக எவ்வளவு நாள் பிடிக்கிறது, சத்தமும் வெளிச்சமும் எவ்வளவு சீக்கிரம் உறுத்துகின்றன, கவனம் எவ்வளவு எளிதில் சிதறுகிறது. சுபாவத்தில் நல்லது கெட்டது இல்லை, சுபாவமும் சூழலும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதே கேள்வி என்று அவர்கள் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள் பள்ளிக்கு இந்த நாலு பொருத்தமாவது பார்க்கலாம்.

நோட்டிலிருந்து "இது இல்லாமல் முடியாது" என்று மூன்று விஷயங்களை மட்டும் எடுங்கள். பத்து எழுதினால் உலகத்தில் எந்தப் பள்ளியும் தேறாது.

தூரமும் தூக்கமும்

இதை முதலிலேயே பார்த்தால் பாதிப் பள்ளிகள் கழிந்துவிடும். வரைபடத்தில் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். பள்ளி நாளில், பள்ளி நேரத்தில், பிள்ளையோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசல் வரை கணக்கு. ஒரு வழி 45 நிமிடம் என்றால் 200 நாளில் 300 மணி நேரம் வண்டியில் போகிறது.

பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கம் வரவைக்கும் மெலட்டோனின் இரவில் தாமதமாகச் சுரப்பதால், ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னாலும் தூக்கம் வராது. இதைச் சோம்பல் என்று திட்டிப் பயனில்லை. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இந்த வயதுக்காரர்களுக்குப் பள்ளி காலை 8:30க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இல் பரிந்துரைத்தது. கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்: 7:30க்கு மணி அடிக்கும் பள்ளி, 45 நிமிடப் பயணம், கிளம்ப 45 நிமிடம் என்றால் ஆறு மணிக்கு எழ வேண்டும். இரவு பத்துக்குத் தூங்கியே ஆக வேண்டும். உங்கள் பிள்ளை பத்துக்குத் தூங்குமா?

போய்ப் பார்க்கும்போது

பெற்றோருக்கென்று பள்ளி திறந்துவைக்கும் நாளில் போனால் பெயிண்ட் வாசனைதான் தெரியும். வாரத்தின் நடுவில் ஒரு சாதாரண நாள் கேளுங்கள். இடைவேளைக்கு இருபது நிமிடம் முன்னால் போய், பாடம் முடிந்து மணி அடித்து, பிள்ளைகள் வெளியே வந்து திரும்ப உள்ளே போகும் வரை இருங்கள். தர முடியாது என்று சொல்லும் பள்ளியைக் கழிக்க வேண்டாம், காரணம் கேளுங்கள். காரணமும் சொல்லாவிட்டால் கழித்துவிடலாம்.

தாழ்வாரத்தில் ஓர் ஓரமாக நில்லுங்கள். ஆசிரியர் நடந்து வரும்போது பேச்சு சட்டென்று அறுந்து எல்லோரும் சுவரோடு ஒட்டினால் அது பயம். சத்தம் கொஞ்சம் குறைந்து, இரண்டு பேர் ஏதோ கேட்க அவரை நோக்கிப் போனால் அது மரியாதை. இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒழுக்கம் போலவே இருக்கும். ஆசிரியர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, "ஏய், நீ" என்கிறாரா என்பதையும் காதில் வாங்குங்கள். மற்றபடி, தனியாக நிற்கும் பிள்ளைகளைத் தேடுங்கள். எல்லாப் பள்ளியிலும் சிலர் இருப்பார்கள். புத்தகத்தோடு நிம்மதியாக இருக்கிறார்களா, மூலையில் பதுங்கியிருக்கிறார்களா?

காலியான வகுப்பறை ஒன்றில் ஒருமுறை கை தட்டுங்கள். ஓசை உடனே அடங்கினால் சரி. சுவரில் முட்டி 'ங்ங்' என்று இழுத்தால், நாற்பது பேர் ஒரே நேரத்தில் நாற்காலியை நகர்த்தும்போது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999இல் தந்த வழிகாட்டுதல். காது சற்று மந்தமான பிள்ளைக்கும், இரைச்சல் தாங்காத பிள்ளைக்கும் இது பெரிய விஷயம். மற்றவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம்.

கழிப்பறையை எல்லோரும் பார்த்தே ஆக வேண்டும், அதுவும் மாணவர்கள் போகும் கழிப்பறை. விருந்தினருக்குக் காட்டுவது வேறாக இருக்கும். தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, பெண்கள் பக்கம் மூடி போட்ட குப்பைத்தொட்டி இருக்கிறதா? பாடம் நடக்கும்போது பூட்டிவைக்கிறார்களா? கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் நிறைய. மாலையில் வரும் தலைவலிக்கும் எரிச்சலுக்கும் பாடச்சுமையைக் குறை சொல்வோம், காரணம் திரும்பி வரும் நிரம்பிய தண்ணீர் பாட்டிலில் இருக்கும். தவிர, பெரியவர்கள் கண் படாத இடம் என்பதால் சீண்டலும் அடியும் அதிகம் நடப்பது இங்கேதான்.

எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

"உங்கள் பள்ளியில் சீண்டல், மிரட்டல் உண்டா?" என்று கேட்டால் "இல்லவே இல்லை" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள்: "கடைசியாக அப்படி ஒன்று நடந்தபோது முதல் நாள் யார் யாரிடம் பேசினார்கள்? வீட்டுக்கு எப்போது சொன்னீர்கள்? இரண்டு வாரம் கழித்து யாராவது திரும்ப விசாரித்தார்களா?" நடந்ததைச் சொல்லும் பள்ளி நம்பத் தக்கது. "இங்கே அப்படி நடக்காது" என்பதுதான் மிக மோசமான பதில். "இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொன்னோம்" என்பதும் நல்ல பதில் இல்லை. நார்வேயில் பள்ளி மிரட்டலை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வியஸ் காட்டியபடி, மிரட்டல் என்பது பலம் சமமில்லாத இருவருக்கு இடையே திரும்பத் திரும்ப நடப்பது. சண்டைக்குச் செய்யும் சமாதானத்தை இதற்குச் செய்தால், அடிவாங்கிய பிள்ளை மறுபடியும் பணிந்து போகும், அவ்வளவுதான்.

வீட்டுப்பாடம் மறந்தால் என்ன நடக்கும், ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். பெரிய குற்றங்களுக்கு எல்லாப் பள்ளியிலும் விதி ஒன்றுபோலவே இருக்கும். சின்னத் தவறை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் பள்ளியின் குணம் தெரியும். அடுத்து, கடந்த ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் வேலையை விட்டார்கள், ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் எத்தனை பேர்? ஆசிரியர்கள் நிம்மதியாக இல்லாத இடத்தில் பிள்ளைகளும் நிம்மதியாக இருக்க மாட்டார்கள்.

மாணவர்களிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் ஒரு கேள்வி போதும்: "உன் நண்பன் வராத நாளில் மதியம் எங்கே உட்காருவாய்?" நூலகம், ஓவிய அறை, "யாரோடாவது சேர்ந்துக்குவேன்" என்று சட்டென்று பதில் வந்தால் நல்லது. யோசித்துவிட்டுச் சிரித்து மழுப்பினால், உங்கள் பிள்ளையை முதல் மாதத்தில் அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

தேர்ச்சி விகிதத்தைப் பற்றிக் கேட்காமல் விட வேண்டாம், ஆனால் கேட்கிற விதம் உண்டு. "நூற்றுக்கு நூறு" என்று பலகை இருக்கும். ஆறு ஆண்டுக்கு முன் சேர்ந்தவர்கள் எத்தனை, இறுதித் தேர்வு எழுதியவர்கள் எத்தனை? 120 பேர் சேர்ந்து 92 பேர் எழுதி 92 பேரும் தேறினால் அதுவும் நூறு சதவீதம்தான். அந்த 28 பேர் எங்கே போனார்கள்? வீடு மாறியிருக்கலாம். நடுவில் சலித்தெடுத்தும் இருக்கலாம். பதிலை விட, பதில் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகம் பார்க்கத்தக்கது.

இறுக்கமில்லாததும் கேட்பாரற்றதும்

சீருடை இல்லை, தேர்வு இல்லை, ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றதும் சந்தோஷமான பள்ளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் நிம்மதியாகும் பிள்ளைகள் உண்டு; ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் இப்படி. அவர்களுக்கு நேர அட்டவணை தெளிவாக இருக்கும், விதிகள் குறைவாகவும் எல்லோருக்கும் ஒன்றாகவும் இருக்கும் இடம்தான் சுதந்திரம். எதையும் யாரும் கட்டாயப்படுத்தாத பள்ளியில், தானாகத் தொடங்கத் தெரியாத பிள்ளை ஒரு வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடும். அதே இடத்தில், சொந்தமாக ஏதாவது நோண்டிக்கொண்டே இருக்கும் பிள்ளை தழைக்கும்.

சிறிய பள்ளி எல்லோருக்கும் நல்லது என்பதும் பாதி உண்மைதான். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையைச் சிறிய பள்ளி கவனிக்கும். ஆனால் வகுப்பில் மொத்தம் பதினைந்தே பேர், அதில் இரண்டு பேரோடு மனஸ்தாபம் என்றால் போக வேறு கூட்டம் இருக்காது. விசித்திரமான ஆர்வம் உள்ள பிள்ளைக்குப் பெரிய பள்ளியில்தான் தன்னைப் போல இன்னொருவர் கிடைப்பார்.

துறுதுறுப் பிள்ளைக்கு, மதிய இடைவேளை எத்தனை நிமிடம், தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பறிக்கிறார்களா என்ற இரண்டைக் கேட்டாலே போதும். எழுத்தும் வாசிப்பும் தடுமாறும் பிள்ளைக்கு, உதவுவதற்குப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா, திட்டம் எழுத்தில் தருவார்களா, தேர்வில் கூடுதல் நேரத்துக்கு யார் விண்ணப்பிப்பது என்று கேளுங்கள். "பார்த்துக்கலாம்" என்பது திட்டம் ஆகாது. நன்றாகப் படிக்கும் பிள்ளையை முதல்தர மதிப்பெண்காரர்கள் மட்டுமே இருக்கும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அங்கே அதே பிள்ளை நடுவிலோ கடைசியிலோ நிற்கும்போது தன் திறமையைத் தானே குறைத்து மதிப்பிடத் தொடங்குகிறது என்பதைக் கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்தே பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். போட்டி என்றால் கண் மின்னும் பிள்ளை தாங்கும். தோற்றால் இரண்டு நாள் சாப்பிடாத பிள்ளைக்கு அது தண்டனை.

அக்கா படிக்கும் பள்ளி என்ற ஒரே காரணத்துக்காகத் தம்பியைச் சேர்ப்பதில் வசதி உண்டு: ஒரே வண்டி, ஒரே விடுமுறை, தெரிந்த ஆசிரியர்கள். அந்தத் தெரிந்த ஆசிரியர்களே "உங்க அக்கா இப்படி இல்லையே" என்பார்கள். மூன்று அவசியங்களில் இரண்டு அங்கே கிடைத்தால் வசதியை மதிக்கலாம். ஒன்றும் கிடைக்காவிட்டால், இரண்டு வாசலில் இரண்டு நேரத்துக்கு நிற்பதே மேல்.

பிள்ளைக்கு எவ்வளவு சொல்லுரிமை

பட்டியலை நீங்கள் மூன்றாகக் குறைத்துவிட்டுப் பிள்ளையை அழைத்துப் போங்கள். மூன்றில் ஒன்றை வேண்டாம் என்று தள்ளும் உரிமையைக் காரணம் கேட்காமல் கொடுங்கள். முடிவெடுக்கும் பாரத்தைத் தலையில் வைக்காதீர்கள். நண்பன் போகிறான் என்பதற்காக மட்டும் கேட்டால், அவன் வேறு பிரிவில் விழலாம் என்பதைச் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் வகுப்பில் உட்காரப் பள்ளி அனுமதித்தால் விடாதீர்கள். திரும்பி வந்ததும் "பிடிச்சுதா?" என்று கேட்டால் "ம்" என்று வரும். "யார் பக்கத்தில் உட்கார்ந்தே, எதுக்குச் சிரிச்சே, எப்போ வீட்டுக்கு வரணும்னு தோணுச்சு?" என்று கேளுங்கள்.

சேர்த்த பிறகு

முதல் பருவத்தில் மதிப்பெண் கொஞ்சம் இறங்குவது சகஜம். ஆறு வாரம் வரை களைப்பு, முணுமுணுப்பு, பழைய பள்ளி ஏக்கம் எல்லாம் இருக்கும். கவனிக்க வேண்டியவை வேறு: விடுமுறை முடியும் மாலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்புவது, பொருள்கள் அடிக்கடி தொலைவது, ஒரு மாதமாகியும் ஒரு பெயர்கூட வாயில் வராதது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் வகுப்பாசிரியரைப் பாருங்கள், தேதியோடு குறித்துவைத்ததைக் காட்டுங்கள், மூன்று வாரத்தில் மீண்டும் சந்திக்க நாள் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பள்ளி மாற்றும் முன் கண் பரிசோதனை, காது பரிசோதனை, வாசிப்புச் சிரமம் இருக்கிறதா என்ற சோதனை மூன்றையும் முடித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை எந்தப் பள்ளியிலும் சலித்துத்தான் போகும். வேறு காரணம் என்றால் ஆண்டு முடியும் வரை பொறுத்து மாற்றுவது நல்லது, ஏனென்றால் நடுவில் நுழையும் பிள்ளைக்குக் கூட்டாளிகள் எல்லாம் ஏற்கெனவே பிரிந்து முடிந்திருக்கும். மிரட்டல் தொடர்ந்து, பள்ளி அதைக் கண்டுகொள்ளவும் இல்லையென்றால் மட்டும் ஆண்டுக் கடைசிக்காகக் காத்திருக்காதீர்கள்.