பொது வகுப்பறையில் மாற்றுத்திறனாளி மாணவர்கள்: பாடத்திலிருந்து தொடங்கும் திட்டமிடல்

மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் வகுப்பில் சேரவிருக்கும்போது, மருத்துவச் சான்றிதழை மட்டும் படித்துவிட்டுத் திட்டமிடுவது போதாது. அடுத்து நடத்தவிருக்கும் பாடத்தை எடுத்துக்கொண்டு, அதில் எந்தெந்த இடங்களில் அவருக்குத் தடை ஏற்படும் என்று பார்ப்பதே பயனுள்ள தொடக்கமாகும். ஒரே குறைபாடுள்ள இருவருக்கு வேண்டிய உதவிகள் முற்றிலும் வேறாக இருக்கலாம் என்பதால், எது உதவுகிறது என்பதை மாணவரிடமும் பெற்றோரிடமும் கேட்டறிவது அவசியம். 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு, பொதுக் கல்வி அமைப்புக்குள்ளேயே தேவையான ஆதரவு கிடைக்க வேண்டும் என்கிறது. ஆகவே, சேர்க்கை அளிப்பதோடு பள்ளியின் கடமை முடிவதில்லை.

மாணவர் கற்க வேண்டியது எது, கற்றதைக் காட்ட நாம் வழக்கமாகக் கேட்கும் முறை எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒளிச்சேர்க்கையைப் புரிந்துகொண்டாரா என்று சோதிக்கும்போது எழுதும் வேகத்தை அளக்க வேண்டியதில்லை. டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) உள்ள மாணவருக்கு வினாத்தாளைப் படித்துக்காட்டி, வாய்மொழியாக விடை பெறலாம். ஆனால் வாசிப்புத் திறனுக்கான தேர்வில் பத்தியைப் படித்துக்காட்டினால், சோதிக்க வேண்டியதே விடுபட்டுவிடும். இந்த வேறுபாடு தெளிவானால், ‘இது மற்ற மாணவர்களுக்கு அநீதி அல்லவா’ என்று ஆசிரியர்களிடையே எழும் கேள்விக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பல மாற்றங்களுக்குச் செலவே இல்லை. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் மாணவர் இருக்கும் வகுப்பில், கரும்பலகையைப் பார்த்தபடி பேசுவதையும், முகம் நிழலில் மறையும்படி சன்னலுக்கு முன் நிற்பதையும் ஆசிரியர் தவிர்க்க வேண்டும். காது கேட்கும் கருவி இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும் என்பதால், அதை அணிந்த மாணவரை மின்விசிறிக்கும் கதவுக்கும் அருகில் அமர்த்தக் கூடாது. பார்வைத்திறன் குறைந்தவருக்காக, பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்வதுடன், ‘இதையும் அதையும் கூட்டுங்கள்’ என்பதற்குப் பதிலாக எண்களையே குறிப்பிட வேண்டும். ஆட்டிசம் உள்ள மாணவருக்குக் கால அட்டவணை மாற்றத்தை முன்கூட்டியே தெரிவிப்பது பெரும் பதற்றத்தைத் தவிர்க்கக்கூடும்.

உதவியாளரை எப்போதும் மாணவரின் பக்கத்திலேயே அமர்த்துவது நல்லெண்ணத்தில் செய்யப்பட்டாலும், சக மாணவர்கள் அந்த மாணவரை அணுகத் தயங்குவார்கள். ஆசிரியரும் கேள்விகளை உதவியாளரிடமே கேட்கப் பழகிவிடுவார். உதவியாளர் வகுப்பு முழுவதற்கும் உதவட்டும். கேள்வியை ஆசிரியரே மாணவரிடம் நேராகக் கேட்டு, விடைக்குப் போதிய நேரம் காத்திருக்க வேண்டும். குழுப்பணியில் அவருக்குப் பெயரளவிலான வேலை தராமல், அவர் செய்யாவிட்டால் பணி நிறைவடையாத ஒரு பகுதியை ஒப்படைக்க வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை சிறப்பாசிரியருடன் அமர்ந்து, எந்த உதவி இனித் தேவையில்லை என்பதையும் முடிவுசெய்ய வேண்டும்.