தும்பாவின் ராக்கெட், உங்கள் மேசையில்: அட்டையில் ஆர்.எச்.-75 செய்வது எப்படி?

இந்தியா சொந்தமாக வடிவமைத்துப் பறக்கவிட்ட முதல் ஆய்வு ராக்கெட் ரோகிணி ஆர்.எச்.-75. 1967 நவம்பர் 20 அன்று திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தும்பாவிலிருந்து கிளம்பியது. பெயரில் இருக்கும் 75, மில்லிமீட்டரில் அதன் விட்டம். நீளம் சுமார் ஒன்றரை மீட்டர்.

முதல்முறை அட்டை ராக்கெட் செய்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். 25 மி.மீ. பிவிசி குழாயின் மேல் அட்டையைச் சுற்றினால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அளவு தானாகவே வந்துவிடும். நீளம் 50 செ.மீ. அதே குழாயை அப்புறம் ஏவுகுழாயாகவும் வைத்துக்கொள்ளலாம். குழாய் வாங்கும்போது வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். முக்கால் இன்ச் என்று கேட்டால் 26.7 மி.மீ. குழாயும் கைக்கு வரலாம்.

மாதிரி ராக்கெட்டுக்கென்று விற்கும் வெடிமருந்து மோட்டார்கள் நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. பட்டாசைப் பிரித்து மருந்தெடுத்து நாமே மோட்டார் செய்வது வேண்டவே வேண்டாம், கை போய்விடும். நம் ராக்கெட்டுக்குக் காற்று போதும்: ஏவுகுழாயோடு இணைத்த காலி பாட்டிலை ஒரு மிதி மிதித்தால் கிளம்பிவிடும்.

அச்சு

180 அல்லது 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) அட்டை, ஏ4 அளவு. கணினியில் இங்க்ஸ்கேப் மாதிரி ஏதாவது ஒரு வரைபட மென்பொருளில் பாகங்களை வரைந்து, தும்பா அருங்காட்சியகப் படங்களைப் பார்த்து நிறம் கொடுங்கள். அச்சிடும்போது அளவு 100 சதவீதத்தில் இருக்க வேண்டும். ஓரத்தில் 10 செ.மீ. கோடு ஒன்று போட்டு, வெளியே வந்த தாளில் அதை ஸ்கேலால் சரிபாருங்கள்.

உடல்

கீழ்த்துண்டு 29 செ.மீ., மேல்துண்டு 12 செ.மீ. இரண்டுக்கும் அகலம் 9 செ.மீ. அட்டைக்கும் மரம்போல ஒரு இழைவாக்கு உண்டு. மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கமாக வளைக்கும்போது எளிதாகவும் இன்னொரு பக்கமாக விறைப்பாகவும் இருக்கும். எளிதாக வளையும் பக்கமாகத்தான் சுருட்ட வேண்டும், இல்லையென்றால் குழாயில் முறிவுக் கோடுகள் விழும். ஒட்டும் முன் அட்டையை மேசை விளிம்பில் நாலைந்து முறை அழுத்தி இழுத்தால் தானே சுருளத் தொடங்கும்.

பிவிசி குழாயில் சாதாரணத் தாளை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, அதன் மேல் அட்டையைச் சுற்றி ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி ஒட்டுங்கள். காய்ந்ததும் தாளை உருவிவிட்டால், ராக்கெட் குழாயில் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும் அளவுக்கு இடைவெளி கிடைத்துவிடும்.

இரண்டு துண்டுகளையும் இணைக்க 4 செ.மீ. உயரத்தில் ஓர் உள்வளையம் செய்து, பாதி மேலேயும் பாதி கீழேயும் நுழைத்து ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் வளையத்தின் கீழ்வாயை இரட்டை அட்டை வட்டத்தால் அடைத்துவிட வேண்டும். மிதிக்கும்போது வரும் காற்று முழுவதும் இந்த வட்டத்தில்தான் மோதும். இதை விட்டுவிட்டால் அழுத்தம் முனையில் இருக்கும் கூம்புவரை போய், கூம்பு மட்டும் தனியாகப் பறந்துவிடும். வால் பக்கம் வாய் வைத்து ஊதிப் பாருங்கள். துளிகூடக் கசியக்கூடாது.

கூம்பும் துடுப்பும்

கூம்புக்கு 91 மி.மீ. ஆரத்தில் 52 பாகை விசிறி வெட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் ஓரம் விட்டுச் சுருட்டினால் 9 செ.மீ. உயரக் கூம்பு வரும். நுனியைக் கூர்மையாக விடாமல் சற்று மழுக்கிவிடுங்கள். உடலோடு இப்போதே ஒட்டிவிடாதீர்கள்.

வால் பக்கம் ஒட்டும் துடுப்பு நான்கு. அடி 7 செ.மீ., நுனி 4 செ.மீ., உயரம் 5 செ.மீ. இரட்டையாக அச்சிட்டு நுனியில் மடித்து ஒட்டினால் விறைப்பாக நிற்கும். துடுப்பை ஒட்டுவதற்கு உடலில் நேர்கோடு போட ஒரு வழி: குழாயைக் கதவு நிலையின் உள்மூலையில் கிடத்தி, அந்த விளிம்பை ஒட்டிப் பென்சிலால் இழுங்கள். வெட்டிய ஓரமெல்லாம் வெள்ளையாகத் தெரியும், ஸ்கெட்ச் பேனாவால் தீட்டிவிட்டால் அழகே வேறு.

நிலைத்தன்மை

ராக்கெட் நேராகப் போகுமா, குட்டிக்கரணம் அடிக்குமா என்பது இங்கேதான் முடிவாகிறது. எடையின் மையம், காற்றழுத்தத்தின் மையத்தைவிட (பறக்கும்போது காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளி) முனைப் பக்கம் தள்ளி இருக்க வேண்டும். குறைந்தது ஒரு விட்டம், அதாவது 26 மி.மீ.

கண்டுபிடிப்பது எளிது. ராக்கெட்டின் பக்கவாட்டு நிழலுருவத்தை அதே அளவில் அட்டையில் வெட்டி, ஸ்கேல் விளிம்பில் வைத்துச் சமநிலைப்படுத்துங்கள். அது நிற்கும் இடத்தைக் காற்றழுத்த மையம் என்று எடுத்துக்கொள்ளலாம். உண்மையான மையம் இன்னும் கொஞ்சம் வால் பக்கமாகவே இருக்கும் என்பதால் இந்தக் கணக்கில் பாதுகாப்பு அதிகம். பிறகு கூம்பைச் செருகி ராக்கெட்டை விரலில் நிறுத்துங்கள். போதிய அளவு முன்னால் நிற்கவில்லையா? கூம்புக்குள் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து அழுத்துங்கள். சரியானதும் கூம்பை ஒட்டிவிடலாம்.

அந்த எடை மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றியும் பாருங்கள். முனை முன்னால் போனால் நல்லது. வால் முன்னால் வந்தால் இன்னும் களிமண் வேண்டும்.

ஏவுதல்

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் வாயில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை மாட்டி டேப் சுற்றுங்கள். மறுமுனையை ஒரு மீட்டர் நீளக் குழாயில் மாட்டி, அதன் கடைசியில் எல்போ (குழாயைத் திருப்பும் எல் வடிவ மூட்டு) போட்டு 25 செ.மீ. குழாயைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பலகையில் கட்டிவிட்டால் ஆடாது. காற்றுப் பம்பை இதில் இணைக்காதீர்கள், அழுத்தம் கூடினால் பிவிசி சில்லுசில்லாகத் தெறிக்கும்.

காற்று அதிகம் இல்லாத காலையில் திறந்த மைதானத்துக்குப் போங்கள். குழாயை ஆட்கள் இல்லாத பக்கம் சற்றே சாய்த்து வையுங்கள். ராக்கெட் மேல் யாரும் குனியக்கூடாது. பாராசூட் கிடையாது, முனை முதலில்தான் இறங்கும். அதனால் எல்லாரும் தள்ளி நின்று, தரை தொடும்வரை கண்ணை எடுக்காமல் பாருங்கள். ஐந்திலிருந்து எண்ணி ஒரே மிதி.

நசுங்கிய பாட்டிலில் ஊதினால் மறுபடி உப்பிவிடும். முனை மடங்கியிருந்தால் கூம்பை மட்டும் அச்சிட்டு மாற்றிக்கொள்ளுங்கள், உடல் நிறைய முறை தாங்கும்.