ஆய்வுத் திட்டம் பலன் தந்ததா? கணக்குப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கம் செம்பனை (பாமாயில் தரும் எண்ணெய்ப் பனை) போட்டிருக்கும் சிறு தோட்டக்காரரிடம், அரசாங்க மானியத்தால் பலன் உண்டா என்று கேளுங்கள். "வருமானம் கூடிச்சு" என்பார். பொய்யில்லை. ஆனால் அதை அப்படியே அறிக்கையில் எழுதிவிடுவதுதான் பெரிய தவறு.

2020-இல் ஆய்வில் கண்டுபிடித்த புதிய உர முறைக்கு மானியம் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2022-இல் வருமானம் எகிறுகிறது. ஆனால் அந்த ஆண்டு மார்ச்சில் கச்சா பாமாயில் விலை டன்னுக்கு 7,000 வெள்ளியை (ரிங்கிட்டை)த் தாண்டியிருந்தது. மானியமே வாங்காத பக்கத்துக் காட்டுக்காரருக்கும் கை நிறையப் பணம்தான். ஆகவே ஏக்கருக்கு எத்தனை டன் குலை என்று பாருங்கள். அதிலும் மழை ஏய்க்கும்: இன்றைய வறட்சியின் அடி ஓராண்டுக்கு மேல் கழித்தும் குலையில் தெரியும். திட்டம் வராமலே இருந்திருந்தால் என்ன விளைந்திருக்கும் என்று தெரிய, மானியம் வாங்காத காடுகளின் கணக்கும் வேண்டும்.

சரி, யாருடைய காடு? மனுவே போடாதவருடையது ஆகாது. தேடிப்போய் மனுப் போடுகிறவர் பெரும்பாலும் முன்பே காட்டை அக்கறையாகப் பார்த்துக்கொள்பவர். மனுப் போட்டும் ஒதுக்கீடு போதாமல் காத்திருப்பவரோடு ஒப்பிடுங்கள். இருவர் காட்டுக் கணக்கையும் முதல் பணம் கைமாறுவதற்கு முன்பே எடுத்து வையுங்கள்.

ஆய்வுத் திட்டத்தால் எத்தனை கருத்தரங்கு, எத்தனை காப்புரிமை என்று எண்ணுவது மட்டும் போதாது. காட்டில் ஏதாவது மாறியதா என்பதை அது சொல்லாது.

அவசரமும் கூடாது. பால்மரம் (ரப்பர் மரம்) பால் வெட்டுக்கு வரவே ஐந்தாறு ஆண்டு ஆகும். புது ரகத்தை மூன்றாம் ஆண்டில் தோல்வி என்று எழுதுவது அநியாயம்.

அப்புறம், யாரைக் கேட்பது என்பது. செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் வண்டை ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்து, 1981-இல் குளுவாங் வட்டாரத் தோட்டங்களில்தான் முதலில் விட்டார்கள். காய்ப்பிடிப்பு கூடியது. கையால் மகரந்தம் தூவும் வேலை தேவைப்படாமல் போனது. நிர்வாகக் கணக்கில் அது மிச்சம். பவுடர் கலந்த மகரந்தத்தை மரம் மரமாக ஊதிக்கொண்டு நடந்த என் அம்மாவுக்கு அது போன கூலி. வண்டைக் கொண்டுவந்தது நல்ல முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மிச்சத்தை எழுதுகிறவர் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கும் போக வேண்டும். எந்தெந்த வீட்டில் கூலி குறைந்தது, அந்தப் பெண்களுக்கு வேறு என்ன வேலை கிடைத்தது என்று கேட்டு, அதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.