வேதாகமக் கிணறுகளை வாசிப்பது எப்படி?

கிணறு என்று கண்டதும் 'ஆவிக்குரிய தண்ணீர்' என்று ஓரத்தில் எழுதிவிடும் பழக்கம் வேதபாட வகுப்புகளில் பரவலாக இருக்கிறது. அப்படி எழுதியதும் ஈசாக்கின் ஊழியர் பட்ட சண்டையும் ரெபெக்காளின் உழைப்பும் கண்ணில் படாமல் போகின்றன. கிணறு முதலில் தண்ணீர் எடுக்கும் இடம். அடையாளப் பொருள் அதற்குப் பிறகுதான்.

பகுதியை எடுத்ததும், அங்கே இருப்பது என்ன வகை நீர்நிலை என்று குறித்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீர் ஊறும் கிணறு வேறு, பாறையைக் குடைந்து சாந்து பூசி மழைநீர் பிடிக்கும் தொட்டி வேறு. சாந்து வெடித்தால் தொட்டியில் நீர் நிற்காது. ஜீவத்தண்ணீரின் ஊற்றாகிய தேவனை ஜனங்கள் விட்டு, வெடிப்புள்ள தொட்டிகளை வெட்டிக்கொண்டதைச் சொல்லும் எரேமியா 2:13 முழுவதும் இந்த வித்தியாசத்தை நம்பியே பேசுகிறது. யோசேப்பைப் போட்ட குழியில் தண்ணீரே இல்லை (ஆதியாகமம் 37:24), அதை ஊற்றாக்கிப் பிரசங்கிக்க இடமில்லை. ஒத்தவாக்கியத்தில் (ஒரு சொல் வரும் வசனங்களைத் தொகுத்துத் தரும் நூலில்) தேடும்போது 'துரவு' என்றும் தேடுங்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் ஆதியாகமக் கிணறுகள் பெரும்பாலும் அந்தப் பெயரில்தான் வருகின்றன.

அடுத்து, கிணறு யாருடையது, யார் தோண்டியது, எவ்வளவு நீர் இறைக்க வேண்டும் என்று பாருங்கள். ஆதியாகமம் 24-இல் ஈசாக்குக்குப் பெண் தேடி வந்த ஊழியக்காரனோடு பத்து ஒட்டகங்கள். தாகத்தோடு வந்த ஒட்டகம் 100 லிட்டர்வரை குடிக்கும். ஒரு குடத்தை வைத்துக்கொண்டு 'எல்லாவற்றுக்கும் வார்ப்பேன்' என்று ரெபெக்காள் முன்வந்தாள் என்றால் அவள் குணத்துக்கு வேறு சான்று வேண்டாம். ஆதியாகமம் 26-இல் ஈசாக்கின் ஊழியர் தோண்டிய ஏசேக்கு, சித்னா என்ற இரண்டு துரவுகளுக்கும் சண்டை வருகிறது, மூன்றாவதான ரெகொபோத்துக்கு வரவில்லை. இவற்றை ஆவிக்குரிய வளர்ச்சியின் மூன்று படிகளாக்குகிறவர்கள், அதே அதிகாரத்தின் கடைசியில் வரும் சேபா என்ற துரவை (26:32-33) விட்டுவிடுகிறார்கள். அபிமெலேக்கோடு ஆணையிட்டு உடன்படிக்கை செய்த நாளிலேயே அந்தத் தண்ணீர் கிடைத்த செய்தி வருகிறது. சமாதானமும் தண்ணீரும் சேர்ந்து வருவதுதான் கதையின் முடிவு.

இனி ஒப்பிடுங்கள். ஆதியாகமம் 24 (ஈசாக்கு–ரெபெக்காள்), ஆதியாகமம் 29 (யாக்கோபு–ராகேல்), யாத்திராகமம் 2 (மோசே–சிப்போராள்) ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அயலூர் ஆண் வருகிறான், பெண் வருகிறாள், தண்ணீர் இறைக்கப்படுகிறது, வீட்டுக்குச் செய்தி போகிறது, விருந்தும் திருமணமும் நடக்கின்றன. ஒற்றுமையைவிட எங்கே மாறுகிறது என்பதில்தான் பொருள் இருக்கிறது. யாக்கோபு கல்லைத் தானே புரட்டுகிறான். ஈசாக்கோ கிணற்றடிக்கு வரவேயில்லை, ஊழியக்காரன்தான் வருகிறான்.

இந்த வரிசையை மனதில் வைத்து யோவான் 4-க்கு வாருங்கள். சற்று முன்புதான், 3:29-இல், யோவான்ஸ்நானன் இயேசுவை மணவாளன் என்று சொல்லியிருக்கிறார். இங்கே இயேசு யாக்கோபின் கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். ஆனால் குடித்ததாக எழுதப்படவில்லை. பெண் ஊருக்குள் போகிறாள், குடத்தை வைத்துவிட்டுப் போகிறாள். திருமணம் இல்லை, அதற்குப் பதில் ஒரு சமாரிய ஊரே அவரை அழைத்து இரண்டு நாள் தங்கவைக்கிறது. நாப்லுஸ் அருகே இன்றும் காட்டப்படும் யாக்கோபின் கிணறு ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம். 'மொண்டுகொள்ள உம்மிடத்தில் பாத்திரமில்லையே' என்ற அவள் கேள்வி எவ்வளவு நியாயமானது என்று அப்போது புரியும்.

இந்தப் பகுதியில் இரண்டு தவறுகள் ஓயாமல் நடக்கின்றன. அவள் ஆறாம் மணி நேரத்தில், அதாவது நடுப்பகலில், வந்தது வெட்கத்தின் அடையாளம் என்பது ஒன்று. வசனம் அப்படிச் சொல்லவில்லை. ராகேலும் பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதுதான் வருகிறாள் (ஆதி. 29:7). நேரத்தை, முந்தின அதிகாரத்தில் இராத்திரியில் இயேசுவிடம் வந்த நிக்கொதேமுவோடு ஒப்பிடுவதே பொருந்தும். அவளுக்கு இருந்ததாக இயேசு சொல்லும் ஐந்து புருஷர் சமாரியாவின் ஐந்து தெய்வங்கள் என்பது மற்றொன்று. 2 இராஜாக்கள் 17:30-31-ஐ எண்ணிப் பாருங்கள்: சமாரியாவில் குடியேற்றப்பட்ட ஜாதிகள் ஐந்து, அவர்களுடைய தெய்வங்கள் ஏழு.

அடையாளப் பொருளை வேதமே தரும் இடத்தில் தயங்காமல் எடுங்கள். இயேசு சொல்லும் ஜீவத்தண்ணீர் ஆவியானவர் என்று யோவான் 7:39 வெளிப்படையாகச் சொல்கிறது.

பழகிப் பார்க்க 2 சாமுவேல் 23:15-17 நல்ல பகுதி. பெத்லகேம் கிணற்றுத் தண்ணீரைத் தாவீது குடிக்காமல் கர்த்தருக்கென்று ஊற்றிவிடுகிறான். கல்யாண வரிசை இங்கே பொருந்தாது. அந்தத் தண்ணீர் என்னவென்று தாவீதே 17-ஆம் வசனத்தில் சொல்கிறான்: உயிரைப் பணயம் வைத்துப் போன மூன்று பேரின் இரத்தம்.